‘மீடியா கன்சாலிடேஷன்’: ஊடகக் குவிப்பு என்று சொல்வோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஊடக நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது ‘மீடியா கன்சாலிடேஷன்’ என்பதை, அதாவது பல ஊடகங்கள் ஒருசிலர் கையில் போய்ச் சேர்வதை, தமிழில் எப்படிச் சொல்வது என்று தொடங்கிய இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: ஊடக ஒருங்கிணைப்பு, ஊடகத் திரட்சி, உடைமைக் குவிவு, கைக்குவிப்பு. கடைசி இரண்டிலும் வரும் ‘குவி’ என்ற வேர்தான் சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் ‘குவிவு’ என்றதும் பள்ளி இயற்பியல் படித்தவர்களுக்குக் குவிவு ஆடி நினைவுக்கு வந்துவிடும். ‘கைக்குவிப்பு’ கும்பிடுவதைக் குறித்துவிடும். அதனால் என் பரிந்துரை, எளிமையாக, ‘ஊடகக் குவிப்பு’.

> ஒருங்கிணைப்பு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

ஒருங்கிணைப்பு என்றால் சிதறிக் கிடந்த பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தி வேலை செய்வது. ஒருங்கிணைப்பாளர், ஒருங்கிணைப்புக் குழு என்று நல்ல பொருளிலேயே பழகிய சொல் அது. அமெரிக்க வானொலியில் நடந்ததற்கு அதைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

1996க்கு முன் ஒரு நிறுவனம் நாடு முழுக்க 20 ஏ.எம். நிலையங்களும் 20 எஃப்.எம். நிலையங்களும்தான் வைத்துக்கொள்ள முடியும். அந்த ஆண்டு பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் வானொலிக்கான இந்தத் தேசிய வரம்பை அடியோடு நீக்கியது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்துவிட்டன.

வட டகோட்டாவில் மைனாட் என்றொரு சிறிய ஊர். 2002 ஜனவரி 18 அன்று, விடியப் பல மணி நேரம் இருக்கும்போது, ஊருக்கு அருகே சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டு அம்மோனியா கசிந்தது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். மக்களை எச்சரிக்க வேண்டும் என்று காவல்துறை வானொலி நிலையத்தைத் தொடர்புகொள்ள முயன்றது; ஆள் கிடைக்கவில்லை. அந்த ஊரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் அப்போது கிளியர் சேனலுக்குச் சொந்தம். எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறை சரியாக இயக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. குறை எந்தப் பக்கம் இருந்தாலும், ஒரு கதவு திறக்காவிட்டால் தட்டுவதற்கு வேறு உரிமையாளரின் கதவு அங்கே இல்லை. இதை ஒருங்கிணைப்பு என்று எழுதினால் படிப்பவருக்கு விஷயமே போய்ச் சேராது.

> இணைப்பு என்றே சொல்லிவிடலாமே? எல்லாம் இணைப்பினால்தானே நடக்கிறது?

இங்கேதான் நான் அதிகம் வற்புறுத்த விரும்புகிறேன். இணைப்பு வேறு, குவிப்பு வேறு. இணைப்பு இல்லாமலே குவிப்பு இருக்கும், நிறுவனம் இரண்டாகப் பிரிந்த பிறகும் இருக்கும். வயாகாம், சி.பி.எஸ். என்ற இரண்டு பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் கதையைப் பாருங்கள். 2000இல் வயாகாம் சி.பி.எஸ்.ஸை வாங்கியது. 2006 தொடக்கத்தில் இரண்டும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தன. 2019 டிசம்பரில் மறுபடி ஒன்றாயின, பிறகு பாரமவுன்ட் குளோபல் என்று பெயர் மாறியது. பங்குச்சந்தைக் கணக்கில் இது இணைப்பு, பிரிப்பு, மறு இணைப்பு. ஆனால் அந்தப் பதின்மூன்று பதினான்கு ஆண்டுப் பிரிவின்போதும் இரண்டையும் ஆட்டுவித்தது ரெட்ஸ்டோன் குடும்பத்தின் நேஷனல் அம்யூஸ்மென்ட்ஸ் என்ற ஒரே நிறுவனம். 1930களில் காரில் உட்கார்ந்து படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கில் தொடங்கிய தொழில் அது. ஊடக அதிபர் மர்டாக்கின் குடும்பமும் 2013இல் தன் நிறுவனத்தை நாளிதழ்கள் ஒரு பக்கம், ஃபாக்ஸ் தொலைக்காட்சியும் திரைப்படமும் மறு பக்கம் என்று பிரித்தது. இரண்டின் கடிவாளமும் குடும்பத்தின் கையிலேயே இருந்தது.

‘உடைமைக் குவிவு’ என்பதில் ‘உடைமை’ எனக்கு இடிப்பதும் இதனால்தான். பாரமவுன்ட் குளோபலின் மொத்தப் பங்குகளில் ரெட்ஸ்டோன் குடும்பத்திடம் இருந்தது சுமார் 10 விழுக்காடு. வாக்குரிமை உள்ள பங்குகளில் சுமார் 77 விழுக்காடு. அதாவது உடைமை மிகக் கொஞ்சம், பிடி ஏறக்குறைய முழுவதும். அந்தப் பிடியை விலைகொடுத்து வாங்கித்தான் 2025 ஆகஸ்டில் ஸ்கைடான்ஸ் என்ற படத்தயாரிப்பு நிறுவனம் பாரமவுன்டைத் தன்வசமாக்கியது. சொல்லில் உடைமையைப் போட்டுவிட்டால் இந்த வகைக் குவிப்பு முழுவதும் வெளியே நின்றுவிடும். ‘ஊடகக் குவிப்பு’ என்றால் ஊடகங்கள் சிலரிடம் போய்ச் சேர்கின்றன என்று மட்டும் சொல்கிறோம். பங்கு வழியாகவா, வாக்கு வழியாகவா, ஒப்பந்தம் வழியாகவா என்பதைக் கட்டுரை விளக்கிக்கொள்ளும்.

அப்புறம், திரட்சி, குவிவு எல்லாம் தன்வினை. மேகம் திரள்வதைப் போல யாரும் செய்யாமல் நடப்பதாக ஆகிவிடுகிறது. இது அப்படி நடக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் தொலைக்காட்சி நிலையங்கள் நாட்டின் எத்தனை வீடுகளை எட்டலாம் என்ற வரம்பு 25 விழுக்காடாக இருந்தது. 1996 சட்டத்தால் 35 ஆனது. ஒலிபரப்பு உரிமங்களை வழங்கி ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. 2003இல் 45 ஆக்கப் பார்த்தது, எதிர்ப்பு கிளம்ப, 2004இல் நாடாளுமன்றம் 39 என்று நிறுத்தியது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் கேட்டவர்களும் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். சொல் பிறவினையாகத்தான் இருக்க வேண்டும்: குவித்தல், குவிப்பு.

> குவிப்பு என்றால் சொத்துக் குவிப்பு வழக்குதான் நினைவுக்கு வரும். குற்றம் சாட்டுவது போல் ஆகாதா?

நியாயமான ஐயம். ஆனால் ‘அதிகாரக் குவிப்பு’ என்று நாளிதழ்களில் அன்றாடம் எழுதுகிறோம், அது வழக்குமன்றத்தை நினைவூட்டுவதில்லை. அடைமொழி மாறும்போது பொருளும் மாறிவிடுகிறது. மெல்லிய கண்டனம் ஒட்டிக்கொண்டு வந்தால் வரட்டும். மூல மொழியிலும் இந்தத் தொடரை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் அதை எதிர்ப்பவர்கள்தான்.

‘ஒருங்கிணைப்பு’ என்ற சொல்லை வீணாக்க வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. வீட்டுக்குக் கேபிள் இழுக்கும் காம்காஸ்ட், அதில் ஓடும் நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் என்.பி.சி. யுனிவர்சலில் 2011இல் 51 விழுக்காட்டையும் 2013இல் மிச்சத்தையும் ஜெனரல் எலக்ட்ரிக்கிடமிருந்து வாங்கியது. ஆக்குவதும் கொண்டுசேர்ப்பதும் ஒரே கூரையின் கீழ் வருவது. இதற்கு ‘மேல்கீழ் ஒருங்கிணைப்பு’ பொருந்தும். ஒரே ஊரில் நாளிதழும் தொலைக்காட்சியும் ஒருவரே வைத்திருப்பதற்குக் ‘குறுக்குடைமை’ என்று இங்கு வந்த பரிந்துரை நன்றாக இருக்கிறது, எனக்கு ஒப்புதல்.

எனக்கு இன்னும் விடை கிடைக்காதது ‘சைட்கார்’. எத்தனை நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற வரம்பை மீறாமல் இருக்க, நிலையத்தின் உரிமம் ஒரு சிறிய நிறுவனத்தின் பேரில் இருக்கும். விளம்பரம் விற்பது முதல் நிலையத்தை நடத்துவது வரை ஒப்பந்தப்படி பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும். நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஐ.எக்ஸ். தொலைக்காட்சி நிலையத்தின் உரிமம் மிஷன் நிறுவனத்தின் பேரில், நடத்துவது நெக்ஸ்டார். இது நெக்ஸ்டாரின் கட்டுப்பாட்டில் இருப்பதற்குச் சமம் என்று 2024இல் எஃப்.சி.சி. கருதி அபராதம் முன்மொழிந்தது. தமிழில் சட்டென்று வரும் சொல் ‘பினாமி’. எல்லோருக்கும் புரியும், ஆனால் பினாமி என்றாலே சட்டவிரோதம், இந்த ஒப்பந்தங்கள் பல ஆண்டுகள் வெளிப்படையாகவே பதிவாகி நடந்தவை. ‘பெயருரிமம்’ என்று யோசித்தேன். பெயரளவில் மட்டும் உரிமம் என்பது அதில் போதுமான அளவு ஒலிக்கிறதா? ‘துணை உரிமதாரர்’ என்றால் மிகவும் மழுங்கிவிடுகிறது. சட்டத் தமிழில் பழக்கமுள்ளவர்கள் இதற்கொரு சொல் சொன்னால், அதையும் ‘ஊடகக் குவிப்பு’ என்பதையும் சேர்த்தே நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.