திரையில் வெளிச்சம், தாளில் இருட்டு: வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு படக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாக அச்சிடும் படமெல்லாம் இருட்டடித்து வருகிறது. நேற்று ஒரு பாட்டி, தோட்டத்து லயன் வீட்டு வாசலில் தாத்தாவோடு நிற்கும் பழைய படத்தைக் கொண்டு வந்தார். தாத்தா இப்போது இல்லை. ஸ்கேன் செய்து பார்த்தால் கணினித் திரையில் இருவர் முகமும் தெளிவு. தாளில் தாத்தாவின் கண்களே தெரியவில்லை. அதை எப்படிக் கையில் கொடுப்பது?

கருவி வைத்துத் திரையின் வெளிச்சத்தை அளந்தேன். சதுர மீட்டருக்கு 220 கேண்டெலா! அச்சு வேலைக்கு 80 முதல் 120 போதும். 110க்கு இறக்கினேன், பாதி தீர்ந்தது. ஆனால் நிழல் பகுதிகள் இன்னும் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்கின்றன.

வண்ணத்தை போட்டோஷாப்பே கவனிக்கிறது. பிரிண்டர் டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) வண்ணத் திருத்தத்தை அணைத்துவிட்டேன். எனக்குச் சந்தேகம் தாளின் மேல்தான். இரண்டு வாரத்துக்கு முன் வேறு நிறுவனத்தின் மேட் (பளபளப்பில்லாத) தாளுக்கு மாறினேன். டிரைவரில் அதன் பெயர் இல்லாததால் பளபளப்புத் தாள் என்றே விட்டிருக்கிறேன், ஐசிசி புரொஃபைலும் (தாளுக்கும் மைக்கும் ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் கோப்பு) பழையதுதான். மை அதிகமாக இறங்குவது இதனால்தானா? எந்தத் தாள் வகையைத் தேர்வு செய்யலாம்? புரொஃபைலை நானே உருவாக்க வேண்டுமா? பாட்டி வெள்ளிக்கிழமை வருகிறார்.