டைட்டானியத் தகட்டுக்குள் டியூட்டிரியம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எப்படிப் பார்ப்பது?

திருநகர் பையன்:
வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. முதல் வருடம் படிக்கிறேன். கனநீரில் கொஞ்சம் கந்தக அமிலம் விட்டு, டைட்டானியத் தகட்டை எதிர்மின்வாயாக வைத்து டியூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றியிருக்கிறேன். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் வைத்துப் படிக அமைப்பைப் பார்ப்பது) ஹைட்ரைடு, அதாவது ஹைட்ரஜன் சேர்ந்த டைட்டானியம், பீக் வருகிறது, ஆனால் அது எவ்வளவு ஆழம்வரை போயிருக்கிறது என்று தெரியவில்லை. வெளியூர் ஆய்வகம் ஒன்றில் 2 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஹீலியம் பீம் வைத்து ஆர்பிஎஸ் (மோதிப் பின்னால் திரும்பும் ஹீலியத்தின் ஆற்றலை அளப்பது) எடுத்துக் கொடுத்தார்கள். டைட்டானியம் தெரிகிறது, டியூட்டிரியம் சுத்தமாக இல்லை. ஏறவே இல்லையோ என்று கைடு கேட்கிறார். அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

மேலமாசி வீதி:
தம்பி, ஆர்பிஎஸ்ஸில் டியூட்டிரியம் தெரியவே தெரியாது, உங்கள் சாம்பிள் மேல் குற்றம் இல்லை. கேரம் ஆடியிருப்பீர்கள்தானே, ஸ்ட்ரைக்கர் காயை விடக் கனம், நேராக அடித்தால் காய்தான் முன்னால் ஓடும், ஸ்ட்ரைக்கர் திரும்பி உங்கள் பக்கம் வராது. ஹீலியம் ஹைட்ரஜனில் மோதினால் அதிகபட்சம் 14.5 டிகிரிதான் விலகும், டியூட்டிரியத்தில் 30 டிகிரி. ஆர்பிஎஸ் டிடெக்டரோ பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு என்ன தெரியும்?

அதனால் ஓடுகிற காயைத்தான் பிடிக்க வேண்டும். அதுதான் ஈஆர்டிஏ, முன்னால் தெறிக்கும் அணுக்களை எண்ணி ஆற்றலை அளப்பது. சாம்பிளை நன்றாகச் சாய்த்து, பீம் மேற்பரப்பை 15 டிகிரியில் உரசுகிற மாதிரி வைத்து, முன்பக்கம் 30 டிகிரியில் டிடெக்டர். சிதறி வரும் ஹீலியத்தை நிறுத்த முன்னால் சில மைக்ரான் மைலார் (பிளாஸ்டிக்) தாள், அதில் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தடிமன் மாறினால் ஆற்றலும் மாறிப்போகும். 2 எம்இவி பீமுக்கு மேற்பரப்பிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜனுக்கு 0.96 எம்இவி, டியூட்டிரியத்துக்கு 1.33. தாளில் இரண்டும் கொஞ்சம் இழக்கும். ஆழத்திலிருந்து வரும் டியூட்டிரியம் ஆற்றல் குறைந்து ஹைட்ரஜன் பீக் மேலேயே வந்து விழும் என்பதையும் மறக்காதீர்கள்.

இன்னொன்று, பழைய ஆர்பிஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். டியூட்டிரியம் நிறைய இருந்தால் அந்த வரைபடத்தில் டைட்டானியத்தின் உயரம் ஏற்றாத தகட்டை விடக் குறைந்திருக்கும். அதைப் பாருங்கள்.

முடுக்கி அறை:
மேலே சொன்னது சரி, ஆனால் உங்கள் வேலைக்கு ஈஆர்டிஏ மட்டும் போதாது என்று நினைக்கிறேன். அந்த ஆற்றலில் சில நூறு நானோமீட்டர்தான் எட்டும், மின்னேற்றத்தில் வரும் ஹைட்ரைடு அடுக்கு மைக்ரான் கணக்கில் போகக்கூடியது. நீங்கள் ஏற்றியது டியூட்டிரியம் என்பதால் என்ஆர்ஏ, அதாவது அணுக்கரு வினைப் பகுப்பாய்வு, கேளுங்கள். ஹீலியம்-3 டியூட்டிரியத்தில் பட்டால் அணுக்கரு வினையே நடக்கும், 18.35 எம்இவி வெளியாகும், பெரும்பங்கை எடுத்துக்கொண்டு ஒரு புரோட்டான் கிளம்பும். சாதாரண 300 மைக்ரான் டிடெக்டரை அது துளைத்துப் போய்விடும், ஆகவே தடித்த டிடெக்டர் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். வினை அதிகம் நடப்பது ஏறக்குறைய 0.63 எம்இவியில். உள்ளே போகப் போக பீம் ஆற்றல் இழக்கும், ஆகவே பீம் ஆற்றலைப் படிப்படியாக ஏற்றினால் வினை அதிகம் நடக்கும் இடம் உள்ளே உள்ளே நகரும், சில மைக்ரான் வரை பார்க்கலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சாதாரண ஹைட்ரஜன் குறுக்கே வராது என்பதுதான். காற்றின் ஈரம், வெற்றிடப் பம்பின் எண்ணெய், விரல் பட்ட தடம் எல்லாமே ஹைட்ரஜன்தான், ஈஆர்டிஏயில் மேற்பரப்பில் ஒரு பீக் எப்போதும் நிற்கும். இயற்கையில் டியூட்டிரியம் ஹைட்ரஜனில் 0.0156 சதவீதம்தான், அதனால் என்ஆர்ஏயில் வருவது நீங்கள் ஏற்றியதுதான். சாதாரண ஹைட்ரஜனையே ஆழவாரியாகப் பார்க்க வேண்டுமென்றால் நைட்ரஜன்-15 பீம் வேண்டும், 6.385 எம்இவியில் கூர்மையான ஒத்ததிர்வு, 4.43 எம்இவி காமாவை எண்ணுவார்கள்.

ஹீலியம்-3 விலை அதிகம், எல்லா இடத்திலும் இருக்காது. கல்பாக்கத்தில் 1.7 எம்வி டாண்டெட்ரான் முடுக்கி இருக்கிறது, அங்கே எழுதிக் கேளுங்கள்.

திருநகர் பையன்:
ரொம்ப நன்றி. சாம்பிளை வைத்திருப்பதில் கவனிக்க ஏதாவது உண்டா? இங்கே ஐப்பசி மழை, எல்லாம் ஈரம்.

முடுக்கி அறை:
டைட்டானியத்தில் ஏறியது அறை வெப்பத்தில் ஓடாது, பயப்பட வேண்டாம். கனநீர்ப் புட்டியை மட்டும் திறந்து வைக்காதீர்கள், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தூய்மை இறங்கிவிடும். அமிலத்திலிருந்தும் கொஞ்சம் ஹைட்ரஜன் வரும், அதைக் கணக்கில் வையுங்கள். அளக்கும்போது ஒரே புள்ளியில் ஒவ்வொரு மைக்ரோகூலும்புக்கும் எண்ணிக்கையைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறைந்துகொண்டே போனால் பீமே டியூட்டிரியத்தைக் கிளப்புகிறது என்று அர்த்தம்.

திருநகர் பையன்:
மேலமாசி வீதி அண்ணே, நல்லவேளை ஏற்றாத தகட்டுக்கும் அன்றைக்கே எடுத்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தேன், மேற்பரப்புப் பக்கம் டைட்டானியம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. கைடிடம் காட்டிவிட்டேன். ஹீலியம்-3 உண்டா, தடித்த டிடெக்டர் உண்டா என்று கேட்டு இன்றைக்கே மெயில் போட்டாயிற்று.