அங்குவிலா போக மியாமி வழியா ஃபிளைட்டா, செயின்ட் மார்ட்டின்ல இறங்கி ஃபெர்ரியா?

நியூஜெர்சி_மாப்ள:
பிப்ரவரி ஸ்கூல் லீவுக்கு கரீபியன் தீவு அங்குவிலா போறோம். நான், வொய்ஃப், 5 வயசு பொண்ணு, கூட ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமியார், அவங்களுக்கு முட்டி வலி. நெவார்க்ல இருந்து மியாமி போய் அங்க மாறினா நேரா அங்குவிலாவுலயே இறங்கிடலாம். இல்லன்னா பக்கத்து தீவு செயின்ட் மார்ட்டினுக்கு நான்ஸ்டாப்ல போய் அங்கிருந்து ஃபெர்ரி. ரெண்டாவதுல நாலு பேருக்கும் சேர்த்து 900 டாலர் கிட்ட மிச்சம் ஆகுது, ஆனா பொண்ணுக்கு கார்ல போனாலே வாந்தி வரும், அதான் யோசனை. போனவங்க யாராச்சும் சொல்லுங்க.

கடல்காத்து:
ஃபெர்ரிக்கு பயப்படாதீங்க ப்ரோ, செயின்ட் மார்ட்டின்ல மாரிகோ துறைமுகத்துல இருந்து அங்குவிலாவோட ப்ளோயிங் பாயின்ட் துறைமுகம் வெறும் 25 நிமிஷம் தான். மியாமி ஃபிளைட்டே 2021 டிசம்பர்ல தான் ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி அமெரிக்கால இருந்து போன நிறைய பேர் போட்ல தான் போனாங்க. ஆனா செயின்ட் மார்ட்டின் தீவு டச்சு பக்கம், பிரெஞ்சு பக்கம்னு ரெண்டா இருக்கு; ஏர்போர்ட் டச்சு பக்கம், மாரிகோ பிரெஞ்சு பக்கம், நடுவுல டாக்சி. வழியில சாண்டி கிரவுண்ட் பாலத்த படகு போறதுக்காக தூக்கிட்டான்னா அப்படியே நிக்க வேண்டியது தான். டிக்கெட் போக போர்ட் டாக்ஸ் தனி, கைல டாலர் கேஷ் வெச்சுக்கோங்க.

ரெண்டு_பெட்டி:
25 நிமிஷம்னு ஈசியா சொல்லிட்டாரு. நாங்க போனது ஜனவரி, கிறிஸ்மஸ் விண்ட்ஸ்னு அங்க சொல்வாங்க, டிசம்பர் ஜனவரில அடிக்கிற காத்து, பாதி கடல் தாண்டினதும் போட் தூக்கி தூக்கி போட ஆரம்பிச்சுது, பெட்டி எல்லாம் வெளிய அடுக்கி இருந்ததால உப்புத்தண்ணி உள்ள வரைக்கும் இறங்கி வொய்ஃபோட பட்டுப்புடவை காலி (பீச்சுக்கு எதுக்கு பட்டுப்புடவைன்னு என்னைக் கேக்காதீங்க). எங்க பையன் முன் சீட்காரர் முதுகுலயே வாந்தி எடுத்துட்டான். அதோட உங்க ஃபிளைட் சாயங்காலம் லேட்டாச்சுன்னா கடைசி ஃபெர்ரியும் போயிடும், மிச்சம் புடிச்ச காசு ஹோட்டலுக்குப் போயிடும். மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள இறங்குறதா இருந்தா மட்டும் ஃபெர்ரி.

டெக்சாஸ்_அக்கா:
தம்பி, எல்லாரும் காத்தையே பேசுறீங்க, மாமியார் இந்தியன் பாஸ்போர்ட்டா? அப்படின்னா மாரிகோ வேண்டாம். ரோட்டுல பார்டர் செக்கிங் எதுவும் கிடையாது, அதான் டச்சு பக்கத்துல இருந்து பிரெஞ்சு பக்கம் போனதே தெரியாது, ஆனா ஃபெர்ரி ஏறும்போது பிரெஞ்சு இமிகிரேஷன்ல பாஸ்போர்ட்ட நீட்டணும். சென்ஜென் விசா (ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) இருந்தா போதும்னும் நினைக்காதீங்க, செயின்ட் மார்ட்டின் சென்ஜென்ல சேராது. ஏர்போர்ட் பக்கத்துலயே சிம்சன் பே-ல இருந்து சின்ன ஷட்டில் போட் இருக்கு, முன்கூட்டியே புக் பண்ணணும், ரேட்டு நல்லாவே ஜாஸ்தி, ஆனா மாரிகோ பக்கமே போக வேண்டாம். அங்குவிலா பிரிட்டிஷ் இடம், அதுக்கும் விசா ரூல தனியா பாத்துக்கோங்க. முட்டி வலிக்காரங்கள ஆடுற போட்ல ஏத்தி இறக்குறதையும் யோசிங்க.

நியூஜெர்சி_மாப்ள:
அக்கா, பிரெஞ்சு இமிகிரேஷன் விஷயம் சத்தியமா தோணவே இல்ல, மாமியாருக்கு இந்தியன் பாஸ்போர்ட் தான். ஷட்டில் காசு, டாக்சி எல்லாம் போட்டுப் பாத்தா 900 டாலர் மிச்சம் பாதிக்கு மேல கரையுது. மியாமியே புக் பண்றேன், அந்த ஃபிளைட்ல எம்ப்ரேயர் 175ன்னு சின்ன விமானம் தானே வருது, 76 சீட்டு, அதுல மாமியாரோட ஊறுகா பாட்டில் இருக்கிற பெட்டிய தலைக்கு மேல இருக்கிற ரேக்ல வைக்க இடம் இருக்குமா?

ரெண்டு_பெட்டி:
ஊறுகா செக்-இன்ல போடுங்க சார், கேபின்ல விட மாட்டான். ரெண்டு கவர் சுத்துங்க.