தயெண்டனேகியாவின் நினைவுப் பலகையில் எவற்றைப் பொறிக்க வேண்டும்?

கேள்வி – திருவையாறு வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் பிராண்ட்ஃபோர்டில் வசிக்கும் என் மகளும் அவளுடைய நண்பர்களும், அந்நகரின் பெயருக்குக் காரணமான, வட அமெரிக்கப் பழங்குடியினருள் ஒருவரான மோஹாக் மக்களின் தலைவர் ஜோசப் பிராண்டுக்கு, அதாவது தயெண்டனேகியாவுக்கு (1743–1807), தமிழ் வாசகமும் இடம்பெறும் ஒரு நினைவுப் பலகை வைக்க அனுமதி கோர எண்ணியுள்ளனர். வாசகம் எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டுள்ளனர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷார் பக்கம் நின்று போரிட்டவர் அவர்; 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை தம் மக்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறாததால், இழந்த நிலத்துக்கு ஈடு கேட்டுப் பெற்றவர். ஆனால் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தவர் என்பதும் உண்மை. ஒருவரைப் போற்றும் பலகையில் இதையும் எழுதுவது முறையாகுமா?

மறுமொழி – கும்பகோணம், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

ஐயா, எழுதத்தான் வேண்டும். கோயிலுக்கு ஆட்கள் விற்கப்பட்ட செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகளே மறைக்கவில்லை. ஒரு வரி போதும், ஆனால் தெளிவாக இருக்கட்டும்.

விரிவாகச் சொல்ல வேண்டியது நிலத்தின் வரலாறு. 1784 அக்டோபர் 25 அன்று பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்ட் வெளியிட்ட ஆணை, பிராண்ட்ஃபோர்டு வழியே ஓடும் கிராண்ட் ஆற்றின் இரு கரைகளிலும் ஆறு மைல் அகலத்துக்கு, முகத்துவாரம் முதல் ஆறு பிறக்கும் இடம்வரை, மோஹாக்குகளுக்கும் அவர்களுடன் குடியேறும் பிற குலத்தாருக்கும் நிலம் வழங்கியது. அது ஏறத்தாழ 9,50,000 ஏக்கர். இன்று அவர்கள் வசம் எஞ்சியிருப்பது ஏறத்தாழ 46,000 ஏக்கர். நிலத்தை விற்கவும் குத்தகைக்கு விடவும் தம் மக்களுக்கு உரிமை உண்டென்று அதிகாரிகளுடன் ஓயாமல் வாதிட்ட பிராண்ட், பெரும் பகுதிகளைக் குடியேறிகளுக்கு விற்கவும் செய்தார். அதற்காக அவருடைய மக்களிலேயே சிலர் அவரை எதிர்த்தனர். ஆற்றுப் பாசன நிலத்துக்கு நான்கெல்லை பார்த்துப் பத்திரம் எழுதும் நமக்கு இதன் கனம் விளங்கும். இந்த இரு அளவுகளையும் அருகருகே பொறியுங்கள்.

மறுமொழி – திருவாரூர் வாசகி

ஆசிரியர் ஐயா கூறியதை முழுவதும் ஏற்கிறேன். ஆயினும் ஜோசப் பிராண்டின் அக்காள் மாலி பிராண்டை விட்டுவிடலாகாது. மோஹாக் மரபில் குலம் தாய்வழியே அறியப்படும். தலைவர்களை நியமிப்பதும் நீக்குவதும் குலத்தாய்மாரின் உரிமை. பிராண்ட் பரம்பரைத் தலைவர் அல்லர், போர்த் தலைவராக உயர்ந்தவர். பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஜான்சனுடன் மாலி நடத்திய இல்வாழ்க்கையே தம்பிக்குக் கல்விக்கும் செல்வாக்குக்கும் வழி திறந்தது. 1777இல் அமெரிக்கப் படை நெருங்குவதைப் பிரிட்டிஷாருக்கு முன்கூட்டியே தெரிவித்ததும் மாலியே. தஞ்சைப் பெரிய கோயிலில், தாம் கொடுத்தவற்றோடு தம் அக்கன் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் இராசராசன். அந்த மண்ணிலிருந்து எழுதிச் செல்லும் வாசகத்தில் மாலியின் பெயர் இல்லாமல் போவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கும்.

மறுமொழி – மயிலாடுதுறை வாசகர்

பிராண்ட்ஃபோர்டில் ஜோசப் பிராண்டுக்கு 1886ஆம் ஆண்டிலேயே பெரிய நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுவிட்டது. அவருடைய கல்லறை 1785இல் கட்டப்பட்ட மோஹாக் தேவாலயத்தின் அருகில் உள்ளது. எனவே, புதிய பலகை தேவையா என்பதையே கிராண்ட் ஆற்றங்கரையில் வாழும் அம்மக்களின் பேரவையிடம் முதலில் கேட்க வேண்டும். அவர்கள் இசைந்தால் மோஹாக் மொழி மேலே நிற்கட்டும். மாற்கு நற்செய்தியை அம்மொழியில் பெயர்த்து 1787இல் வெளிவரச் செய்தவர் அவர். தமிழ் கடைசியில் வந்தால் போதும்.

திருவையாறு வாசகர்

மூவருக்கும் நன்றி. பேரவைக்குக் கடிதம் எழுதுமாறு மகளிடம் இன்றே சொல்கிறேன். அவர்களின் பதில் வரும்வரை வாசகத்தை முடிவு செய்யப் போவதில்லை. மாலியின் பெயரையும் இரு நில அளவுகளையும் அடிமைகள் பற்றிய வரியையும் வரைவில் சேர்த்துவிட்டேன்.