வாங் யி 2022-இல் பெற்றது பதவி உயர்வா, இறக்கமா?

அம்மாப்பேட்டை வாசகி, சேலம்:
குடிமைப்பணித் தேர்வுக்காகச் சீனாவின் வாங் யி குறித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். 2013 முதல் வெளியுறவு அமைச்சராக இருந்த அவர், 2022 டிசம்பர் இறுதியில் அப்பொறுப்பைச் சின் காங்கிடம் ஒப்படைத்ததைப் பதவி இறக்கம் என்று எழுதியிருந்தேன். உடன் படிக்கும் தோழியோ அது பதவி உயர்வு என்கிறார். எது சரி?

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏற்காடு:
தோழி சொல்வதே சரி, அம்மா. எங்கள் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பிப் போவதுபோலத் தெரிந்தாலும் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கும், இதுவும் அப்படித்தான். சீனாவில் அமைச்சகம் அரசின் உறுப்பு. கொள்கையை வகுப்பது கம்யூனிஸ்ட் கட்சி. வழக்கமான ஓய்வு வயதான 68-ஐக் கடந்த பிறகும், 2022 அக்டோபரில் கட்சியின் 24 பேர் கொண்ட அரசியல் தலைமைக்குழுவில் (பொலிட்பீரோ) வாங் யி சேர்க்கப்பட்டார். அதன்பின் யாங் ஜியேச்சி வகித்துவந்த, கட்சியின் மத்திய வெளியுறவு ஆணைய அலுவலகத் தலைமை அவருக்கு வந்தது. 2023 ஜூலையில் சின் காங் காரணம் அறிவிக்கப்படாமல் நீக்கப்பட்டபோது, அமைச்சர் பதவியும் மீண்டும் இவரிடமே வந்து சேர்ந்தது.

அவர் ஏறிவந்த வழியையும் குறித்துக்கொள்ளுங்கள். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் நகர இளைஞராக வடகிழக்கு மாகாணமான ஹெய்லோங்ஜியாங்குக்கு அனுப்பப்பட்டு எட்டு ஆண்டுகளை அங்கே கழித்தவர், பின்னர் பெய்ஜிங்கில் ஜப்பானிய மொழி படித்து 1982-இல் அமைச்சகத்தில் சேர்ந்தார். அந்த மொழியே 2004-இல் அவரை டோக்கியோவில் சீனத் தூதராக்கியது என்பது என் கணிப்பு. 2008 முதல் ஐந்தாண்டுகள் தைவான் விவகார அலுவலகத்தை நடத்தினார்.

அஸ்தம்பட்டி வாசகர்:
ஐயா சொன்னதில் ஒரு திருத்தமன்று, ஒரு சேர்க்கை. அமைச்சராக இருந்துகொண்டே அரசியல் தலைமைக்குழுவிலும் இடம்பெறுவது அங்கே அரிது. 1998-இல் அமைச்சர் பதவியைவிட்டு விலகிய சியான் சிச்சென்னுக்குப் பிறகு அந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தது வாங் யியிடம்தான். யாங் ஜியேச்சி கூட அமைச்சர் பதவியை விட்டு நான்கு ஆண்டுகள் கழித்து, 2017-இல்தான் அக்குழுவுக்குள் வந்தார்.

தேர்வுக்கு இந்தியத் தொடர்பும் தேவைப்படும். 2003-இல் உருவான எல்லைப் பேச்சுவார்த்தைக்கான சிறப்புப் பிரதிநிதிகள் ஏற்பாட்டில், 2018 முதல் சீனாவின் தரப்பில் அமர்பவர் வாங் யி. நம் தரப்பில் வெளியுறவு அமைச்சரல்ல, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவல். 2025 ஆகஸ்டில் இருவரும் தில்லியில் சந்தித்தது 24-ஆவது சுற்று.

அம்மாப்பேட்டை வாசகி:
‘இறக்கம்’ என்ற சொல்லை அடித்துவிட்டேன், ஐயா. 2018-இல் வாங் யிக்குக் கிடைத்த அரசு ஆலோசகர் பதவியை அமைச்சருக்கு மேலே எழுத வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏற்காடு:
ஆம், அமைச்சருக்கு மேலே, துணைப் பிரதமருக்குக் கீழே எழுதுங்கள்.