ஊருக்குப் போய் வந்த பிறகு வந்த காய்ச்சல்: உங்கள் அனுபவங்கள்

செந்தூலிலிருந்து எழுதுகிறேன்:

எங்கள் மாமா சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வந்து பல வாரம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் ஒரு மத்தியானம் இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டிப்போகிற மாதிரி குளிர், கட்டிலே ஆடியது, கொஞ்ச நேரத்தில் உடம்பு கொதித்தது, பிறகு சட்டையைப் பிழியலாம் போல வேர்வை. மறுநாள் எழுந்து கடைக்குப் போய் ரொட்டி சானாய்கூட வாங்கி வந்தார். அதற்கடுத்த நாள் மறுபடியும் அதே குளிர். கோலாலம்பூரில் காய்ச்சல் என்றால் முதலில் டிங்கிதானே நினைவுக்கு வரும், கிளினிக்கில் அதைத்தான் பார்த்தார்கள், இல்லை என்றதும் பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது டாக்டர்தான் "வெளிநாடு போனீர்களா?" என்று கேட்டார். ரத்தத்தை சிலைடில் தடவிப் பார்த்ததில் மலேரியா, விவாக்ஸ் வகை.

இந்தக் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து மாதக்கணக்கில் கழித்துக்கூடக் கிளம்பும். அதைப் பரப்புகிற கொசு சென்னையில் கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் வளர்கிறது, அதனால் காடு மேடு போகாதவருக்கும் வரும். ஆஸ்பத்திரியில் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான், கல்லீரலில் பதுங்கியிருக்கும் கிருமியைக் கொல்லும் பிரைமாகுயின் மாத்திரையைக் கொடுத்தார்கள், குறைபாடு இருந்தால் அந்த மாத்திரை ரத்த அணுக்களைச் சிதைத்துவிடுமாம்.

பக்கத்து வீட்டுக்காரர் "வங்காளதேசத் தொழிலாளிகளிடமிருந்து ஒட்டியிருக்கும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. 2018 முதல் பல ஆண்டுகளாக உள்நாட்டிலேயே தொற்றுகிற மனித மலேரியா மலேசியாவில் பதிவாகவில்லை (குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் குரங்கு மலேரியா வேறு), கோயில் குளம், கல்யாணம் என்று போய்வருகிற நாமும்தான் அதை வெளியிலிருந்து கொண்டு வருகிறோம். டாக்டர் கேட்காவிட்டாலும் போன ஊரையும் மாதத்தையும் நாமே சொல்லிவிட வேண்டும், தயவுசெய்து.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாதி:

அக்கா சொல்வது முழுக்கச் சரி. விவாக்ஸாவது அவகாசம் கொடுக்கும், ஆப்பிரிக்கா பக்கம் அதிகமாக இருக்கும் பால்சிபாரம் என்ற மலேரியா வகை கொடுக்காது, கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் மூளை, சிறுநீரகம் என்று இறங்கிவிடும். அங்கே வேலைக்குப் போகிற பிள்ளைகள் மலேரியா தடுப்பு மாத்திரையை, ஊர் திரும்ப விமானம் ஏறியதும் நிறுத்திவிடுகிறார்கள். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் 4 வாரம் போட வேண்டும். அக்கா, பிரைமாகுயினை முழுசாகப் போட்டு முடித்தாலும் சிலருக்கு விவாக்ஸ் திரும்பும். மாமாவுக்கு இனி எப்போது காய்ச்சல் வந்தாலும், பழைய மலேரியாவைச் சொல்லி அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.