‘டிரைவர்’ என்பதற்கு ‘இணக்கி’: ஒரு முன்மொழிவும் அதன் குறைகளும்

குழுவினருக்கு வணக்கம்.

கணினியில் பொருத்தும் சாதனம் வேலைசெய்வதற்காக நிறுவும் ‘டிரைவர்’ என்னும் மென்பொருளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நமது விவாதத்தில் இதுவரை இயக்கி, செலுத்தி, சாரதி, பாகன் என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஐந்தாவதாக ஒன்றைக் கொண்டுவருவது குழப்பத்தைக் கூட்டும் என்பதை அறிவேன். ஆயினும், சென்ற சனியும் ஞாயிறும் கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள எங்கள் வகுப்பறையில் ஒரு பழைய கணினிக்கு ஒலியட்டை பொருத்திக்கொண்டிருந்தபோது, நாம் பெயர் தேடும் அந்த மென்பொருள் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை நம்மில் எவரும் முதலில் வரையறுக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. ஆகவே சொல்லுக்கு முன் வேலையை எழுதுகிறேன்.

கணினி, ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பென்டியம் 2. அட்டை, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பழைய உதிரிகள் கிடந்த பெட்டியொன்றிலிருந்து பொறுக்கியெடுத்த சவுண்ட் பிளாஸ்டர் 16. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட வரிசை அது. தன்னைத் தானே கணினிக்கு அறிமுகஞ்செய்துகொள்ளத் தெரியாத தலைமுறையைச் சேர்ந்தது. நெகிழ்வட்டும் இல்லை, கையேடும் இல்லை. விண்டோஸ் 98 இவ்வட்டைக்கான டிரைவரைத் தன்னுடனேயே வைத்திருந்ததால், புதிய வன்பொருளைச் சேர்க்கும் பகுதிக்குச் சென்று பட்டியலில் அட்டையின் பெயரைத் தெரிவுசெய்து, அட்டையுடன் பேசும் வாயிலின் அடிப்படை முகவரி 220, அட்டை கணினியைத் தட்டி அழைக்கும் குறுக்கீட்டு இலக்கம் 5, அட்டைக்குத் தரவு செல்லும் நேரடி நினைவகத் தடங்கள் 1, 5 எனக் கொடுத்தோம். மறுதொடக்கத்துக்குப் பிறகு, மாணவியொருவர் முன்னரே பதிந்து வைத்திருந்த ‘வணக்கம்’ என்னும் குரலை இயக்கினோம். கணினி “வண, வண, வண” என்று நிறுத்தாமல் சொல்லத் தொடங்கியது. வகுப்பு முழுவதும் சிரித்தது.

இந்த ‘வண வண’வுக்குக் காரணம் உண்டு. கணினி ஒலித்தரவை நினைவகத்தின் ஒரு சிறு பகுதியில் இட்டுவைக்கிறது. அட்டை அதைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. ஒரு பகுதி முடிந்தவுடன் அட்டை தனக்குரிய குறுக்கீட்டுக் கம்பியைத் தட்டி, “அடுத்ததைக் கொடு” என்று அறிவிக்க வேண்டும். அத்தட்டல் சேரவேண்டிய இடத்தைச் சேராவிட்டால் புதிய தரவு வராது. அட்டை பழையதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். இவ்வகைக் கணினியில் 0 முதல் 15 வரை 16 குறுக்கீட்டு இலக்கங்களே உள்ளன. 7ஆம் இலக்கம் வழக்கமாக அச்சுப்பொறி வாயிலுக்கு உரியது. எங்கள் கணினியிலோ, தன்னை அறிமுகப்படுத்தத் தெரியாத ஒலியட்டை அங்கே இருப்பதை அறியாத பயோஸ் (கணினி தொடங்கும்போது வன்பொருளை ஒழுங்குசெய்யும் அடிப்படை மென்பொருள்), 5ஆம் இலக்கத்தை வலையமைப்பு அட்டைக்குத் தூக்கிக் கொடுத்திருந்தது. பயோஸ் அமைப்புக்குள் சென்று 5ஆம் இலக்கத்தைப் ஐஎஸ்ஏ என்னும் பழைய செருகுவகையைச் சேர்ந்த அட்டைக்கென ஒதுக்கிவைத்த பின்னரே ‘வணக்கம்’ முழுமையாக வந்தது.

மறுநாள் அதே கணினியில், அதே அட்டைக்கு, விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் முயன்றோம். முதல்நாள் வேலைசெய்த டிரைவர் இங்கு எவ்வகையிலும் உதவவில்லை. எஸ்என்டி-எஸ்பி16 என்னும் வேறொரு டிரைவர்க் கூறினை ஏற்றி, அதே நான்கு எண்களை வேறொரு முறையில் அதற்குச் சொல்லவேண்டியிருந்தது. அது பிழையின்றி ஏறியும் ஒலி வரவில்லை. அரைமணி நேரம் தேடிய பிறகு, லினக்சில் ஒலியைக் கையாளும் ஆல்சா முறைமை ஒலித்தடங்களைத் தொடக்கத்தில் மூடியே வைத்திருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. அதன் ஒலியளவுகளைச் சீர்செய்யும் ஆல்சாமிக்சரைத் திறந்து, ஒலி மூடப்பட்டிருப்பதைக் குறித்து தடத்தின் கீழே தெரிந்த இரண்டு ‘எம்’ எழுத்துகளையும் எம் விசையை அழுத்தி நீக்கியவுடன் குரல் வந்தது. இதை எத்தனை முறை செய்திருந்தாலும் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறேன்.

இவ்வளவையும் எழுதியதன் காரணம் இதுதான். அட்டை மாறவில்லை, பணிசெயல் முறைமை மாறியது, டிரைவரும் மாறவேண்டியதாயிற்று. முறைமையை மாற்றாமல் அட்டையை மட்டும் மாற்றியிருந்தாலும் டிரைவர் மாறியிருக்கும். அதாவது, டிரைவர் சாதனத்துக்கு மட்டும் உரியதன்று, முறைமைக்கு மட்டும் உரியதுமன்று. குறிப்பிட்ட இருவருக்கிடையில் மட்டுமே செல்லுபடியாகும் ஓர் ஏற்பாடு அது. முறைமை “இந்த ஒலியை வெளியிடு” என்று பொதுவாகச் சொல்கிறது. அதைக் கேட்டு, பதினறும எண்முறையில் (இதில் ஏ முதலான எழுத்துகளும் இலக்கங்களே) 226 என்னும் வாயிலில் 1 எழுதி, குறைந்தது 3 மைக்ரோ வினாடி பொறுத்து, பின்பு 0 எழுதி, அட்டை கண்விழித்து 22ஏ என்னும் வாயிலில் ‘ஏஏ’ என்று மறுமொழி வைக்கிறதா எனப் பார்ப்பது டிரைவரின் வேலை. கதவைத் தட்டி “ஆர் அது?” என்று கேட்கவைப்பது போன்ற இந்தப் பழக்கம் சவுண்ட் பிளாஸ்டர் குடும்பத்துக்கும் அதைப் பின்பற்றிய அட்டைகளுக்குமே உரியது, வேறு வகை அட்டையிடம் செல்லாது. நமக்கு வேண்டிய சொல் இந்த இருபக்க உறவைத் தாங்கவேண்டும் என்பதே என் நிலைப்பாடு. வாகனம் ஓட்டும் உருவகம் ஆங்கிலத்தார் எடுத்துக்கொண்டது. அதை நாமும் சுமக்கவேண்டிய கட்டாயமில்லை.

இனி முன்வைக்கப்பட்ட சொற்கள். நான் அவற்றைத் தனித்து நிறுத்திப் பார்க்காமல், எங்கள் வகுப்புக் கைந்நூலில் வரும் வாக்கியங்களில் இட்டுப் பார்த்தேன்.

‘இயக்கி’ தமிழ்நாட்டில் பரவலாக வழங்குவது. அதுவே அதன் பெரும்பலம். ஆனால் அங்கே பணிசெயல் முறைமையையும் ‘இயக்க முறைமை’ என்று எழுதுகிறார்கள். அவர்களுடைய கட்டுரையொன்றை வாசித்த மாணவர், “கணினியை இயக்குவது முறைமையா, இயக்கியா?” என்று கேட்டபோது என்னிடம் நேர்மையான மறுமொழி இல்லை. ஒரே வினையடியிலிருந்து அருகருகே உள்ள இரண்டு பொருள்களுக்குப் பெயர் வைத்தால் கற்பவர்தாம் திண்டாடுவார். நம் நாட்டில் ‘இயக்கம்’ என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது வேறொன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதை இங்கே விரிக்கவில்லை. (சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்துத் திரும்புவது பூங்கண் இயக்கி என்னும் தெய்வத்துக்கு. அவள் அருள் இருந்திருந்தால் எங்களுக்கு இரண்டு நாள் போயிருக்காது.)

‘செலுத்தி’ நமது ஆசிரியர்கள் பலருக்குப் பழகியது. மட்டக்களப்பிலிருந்து எழுதிய ஆசிரியர், பழகிய சொல்லை அசைக்கவேண்டாம் என்று கேட்டிருந்தார். அவருடைய கவலையை மதிக்கிறேன். ஆனால் வட்டைச் சுழற்றும் கருவியையும் சிலர் செலுத்தி என்றே எழுதுவதால், கைந்நூலில் ‘இறுவட்டுச் செலுத்தியின் செலுத்தியை நிறுவுக’ என்று ஒரு வாக்கியம் உருவாகிவிட்டது. அதை நான் திருத்தவில்லை. அப்படியே இங்கே தருகிறேன். மேலும், வரி செலுத்துவதும் வாக்குச் செலுத்துவதும் போல, செலுத்துதல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போவது. நான் மேலே சொன்ன ‘வண வண’ச் சிக்கலோ மறுபக்கத்திலிருந்து வரவேண்டிய தட்டல் வராததால் நேர்ந்தது.

‘சாரதி’யை முன்மொழிந்தவர், சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் எவருக்கும் அச்சொல் விளங்கும் என்கிறார். விளங்கும், பிழையாக விளங்கும். 100ஆம் இலக்க பஸ்ஸை காலி வீதியில் ஓட்டும் சாரதி, நாளை 138இல் மகரகமைக்கும் போகலாம். சவுண்ட் பிளாஸ்டரின் டிரைவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ‘பழைய சாரதியை அகற்றிவிட்டுப் புதிய சாரதியை நிறுவுக’ என்று வாசித்தபோது வகுப்பில் எழுந்த சிரிப்பையும் கணக்கில் எடுக்கவேண்டும். யாழ்ப்பாண வழக்கில் ‘றைவர்’ என்று எழுதிவிட்டுப் போகலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பேச்சில் அப்படித்தான் இருக்கும், இருக்கட்டும்; எழுத்தில் டிரைவரா, றைவரா, ட்ரைவரா என்று இன்னொரு விவாதம் தொடங்கிவிடும்.

‘பாகன்’ என்னை உண்மையாகவே கவர்ந்தது. மாசியையொட்டி கங்காராமை விகாரையின் நவம் பெரஹர ஊர்வலத்தில் பேரை வாவிக்கரையில் நடந்து செல்லும் யானைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: விகாரையார் பாகனிடம் சொல்கிறார், பாகன் யானைக்குத் தெரிந்த சொல்லில் யானையிடம் சொல்கிறான், ஒரு பாகனின் சொல்லுக்கு மற்றவருடைய யானை எளிதில் பணிவதில்லை. இருபக்க உறவு இவ்வுருவகத்தில் முழுமையாக இருக்கிறது. கெட்டது இலக்கணத்தில். ‘பாகன் ஏற்றப்பட்டது’ என்று எழுத மனம் வரவில்லை. ‘ஏற்றப்பட்டான்’ என்று எழுதவும் முடியாது. பன்மையில் பாகர் என்றால் மனிதர் ஆகிவிடுகின்றனர். பாகன்கள் என்றால் காதில் உறுத்துகிறது. உலாவி, வழங்கி, திசைவி என்று மென்பொருளுக்கும் கருவிக்கும் அஃறிணைப் பெயர்களே நிலைத்துவிட்ட இடத்தில் பாகன் மட்டும் உயர்திணையில் தனித்து நிற்கிறான்.

எனவே ‘இணக்கி’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். இயங்கு என்பது இயக்கு என்றும், அடங்கு என்பது அடக்கு என்றும் பிறவினையாவது போல, இணங்கு என்பது இணக்கு ஆகும். இணங்கச் செய்வது இணக்கி. இணங்குவதற்கு இருவர் வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஊர்ப் பிணக்கைப் பேசித் தீர்க்கும் சபையை இணக்கசபை என்று சொல்லிப் பழகிய நமக்கு இது அந்நியமான சொல்லுமன்று. ஒலி இணக்கி, அச்சுப்பொறி இணக்கி, வலை இணக்கி என்று இடர்ப்பாடின்றித் தொடர்கள் அமைகின்றன. ‘இணக்கி ஏற்றப்படவில்லை’, ‘விண்டோஸ் 98க்குரிய இணக்கியை லினக்சில் பயன்படுத்த முடியாது’, ‘இறுவட்டுச் சாதனத்தின் இணக்கியை மீள நிறுவுக’ ஆகிய வாக்கியங்களில் எங்கும் முள் இடறவில்லை. கூடவே எதிர்பாராத ஒரு பயனும் கிட்டியது: இரண்டு அட்டைகள் ஒரே குறுக்கீட்டு இலக்கத்துக்குப் போட்டியிடும் நிலைக்கு இதுவரை ‘முரண்பாடு’ என்று எழுதிவந்தோம், இனி ‘பிணக்கு’ என்று எழுதலாம். ‘5ஆம் இலக்கத்தில் பிணக்கு’ என்று பலகையில் எழுதியபோது எவரும் விளக்கம் கேட்கவில்லை.

குறைகளையும் மறைக்கவில்லை. ‘இணக்கமான’ என்னும் சொல்லை ஏற்கெனவே, ஒன்றோடொன்று சேர்ந்து வேலைசெய்யக்கூடிய என்னும் பொருளில் ஆள்கிறோம். ஆகவே ‘இணக்கமற்ற இணக்கி’ என்று எங்கேனும் எழுதநேரும். அவ்விடத்தில் ‘பொருந்தாத இணக்கி’ என்று எழுதித் தப்பலாம்; ஆனால் தப்பித்தல் தப்பித்தல்தான். இரண்டாவது குறை இதைவிடக் கடினமானது. சொல்வதெழுதுதலில் இரண்டு மாணவர்கள் ‘இணைக்கி’ என்றும், ஒருவர் ‘இணைப்பி’ என்றும் எழுதினார்கள். இணைப்பி என்பது கம்பியின் முனைக்கு நாம் வைத்திருக்கும் பெயர். ஒலியட்டையின் பின்புறம் பல இணைப்பிகள் இருக்கையில் இக்குழப்பம் சாதாரணமானதன்று. நாளடைவில் பழகிவிடும் என்று நான் நம்புகிறேன். நம்பாதவர்கள் மாற்றுச்சொல் தரவேண்டும்.

‘ஒலியட்டை’யைப் பற்றி விவாதமே தேவையில்லை என நினைக்கிறேன். அட்டை என்றால் மலையில் காலைக் கடிப்பது என்று நுவரெலியாவிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருந்தார். அடையாள அட்டையை நாம் அச்சமின்றிச் சட்டைப்பையில் வைத்துத் திரிகிறோம் என்பதே அவருக்கு மறுமொழி.

கைந்நூலின் அடுத்த பதிப்பில், முதலில் வருமிடத்தில் மட்டும் ‘டிரைவர் எனப்படும் இணக்கி’ என்றும் பிறகு இணக்கி என்றும் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பிரதியெடுக்கக் கொடுக்கவேண்டும் என்பதால் மறுப்புகளை வியாழனுக்குள் அனுப்புமாறு கேட்கிறேன். ஆல்சாமிக்சரில் அந்த இரண்டு ‘எம்’ எழுத்துகள் குறிக்கும் நிலைக்கும் சொல் வேண்டும். ‘ஊமை’ என்று எழுதி, பேச இயலாதவர்களைப் புண்படுத்தும் என்று அடித்துவிட்டேன். ‘ஒலியடக்கம்’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். அதைவிட நல்லது எவரிடமேனும் இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனை வகுப்பிலிருந்து